தும்கூரிலிருந்து அல்மா ஆட்டா வரை

சர்வதேச ஸ்தாபனங்களின் தலைவர்களை நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் அவர்கள் விமானத்திலிருந்து இறங்கும்போதும் மாநாட்டு மேடையில் அறிக்கை வாசிக்கும்போதும் எடுத்த படங்களின் வழியாகத்தான் என்பதால், அவர்களால் மெய்யாகவே செய்யக்கூடியது எது, செய்ய முடியாதது எது என்ற விஷயம் நம்மில் பலருக்குத் தெளிவாக இருப்பதில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைமை இயக்குநரையே எடுத்துக்கொள்வோம். எந்த நாட்டு மந்திரிக்கும் உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஸ்தாபனத்தின் ஆறு பிராந்தியங்களுக்கும் தனித்தனியாக உள்ள இயக்குநர்களை அந்தந்தப் பிராந்தியத்து நாடுகளே தேர்ந்தெடுப்பதால், அவர்கள்கூட இவர் சொல்லுக்கு எவ்வளவு தூரம் கட்டுப்படுவார்கள் என்பது இவருடைய சாமர்த்தியத்தைப் பொறுத்தது. செலவுக்கோ, அங்கத்தினர் நாடுகள் மனமுவந்தோ முணுமுணுத்துக்கொண்டோ கட்டுகிற சந்தாவை எதிர்பார்த்திருக்க வேண்டும். இவை போக அவர் கையில் எஞ்சுவது பேச்சுத் திறனும், நாணயமும், எந்தக் கேள்வியை உலகத்தின் முன் வைப்பது என்று முடிவு செய்கிற வாய்ப்புமே. இவ்வளவு சொற்பமான மூலதனத்தைக் கொண்டு, 1973 முதல் 1988 வரை 15 ஆண்டுகள் அந்தப் பீடத்தில் அமர்ந்து, மருந்துக் கம்பெனிகளையும் வல்லரசுகளையும், சில சமயம் தம் சகாக்களையுமே சங்கடத்துக்குள்ளாக்கிய டாக்டர் ஹால்ஃப்டான் மாலர், அந்த உத்தியோகத்தின் எல்லைகளை அறிய விரும்புகிறவர்களுக்கு மிகவும் உபயோகமான உதாரண புருஷர்.

டென்மார்க்கில் விவில்ட் என்ற கிராமத்தில் 1923 ஏப்ரல் 21இல் ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகனாகப் பிறந்த மாலர், கோபன்ஹேகன் சர்வகலாசாலையில் 1948இல் வைத்தியப் பட்டம் பெற்று, ஈக்வடாரில் க்ஷயரோக ஒழிப்பு இயக்கம் ஒன்றைச் சிறிது காலம் நடத்திவிட்டு, 1951இல் உலக சுகாதார ஸ்தாபனத்தில் சேர்ந்தார். சேர்ந்தவரை ஸ்தாபனம் இந்தியாவுக்கு அனுப்பிற்று. ஏறக்குறைய பத்தாண்டுகள் அவர் இங்கேயே இருந்தார் என்பதையும், பிற்காலத்தில் அவர் உலகத்துக்குச் சொன்னவற்றில் பெரும் பகுதி இங்கே கற்றுக்கொண்டதுதான் என்பதையும், அவரைப் பற்றி எழுதுகிற ஐரோப்பியர் இரண்டு வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். நாம் அவ்வளவு அவசரப்பட வேண்டியதில்லை.

அந்தக் காலத்து இந்தியாவில் க்ஷயரோகம் எவ்வளவு பெரிய பீதி என்பதை இன்றைய தலைமுறையினர் ஊகிப்பது சிரமம். நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் படுக்கவைத்து, பாலும் முட்டையும் கொடுத்துப் போஷிப்பதே சிகிச்சை என்று கருதப்பட்ட காலம் அது. சென்னையை அடுத்த தாம்பரத்தில் அப்படி எழுந்த சானடோரியத்தின் பெயரை அங்குள்ள ரயில் நிலையம் இன்னும் தாங்கி நிற்கிறது. ஆனால் தேசத்திலிருந்த நோயாளிகளின் தொகையோடு ஒப்பிட்டால் இத்தகைய படுக்கைகள் ஒரு பொருட்டே அல்ல. ஆகவே நோய் வராமல் தடுப்பதே வழியென்று பி.சி.ஜி. ஊசி இயக்கம் ஊர் ஊராக நடந்தது. அதற்கான மருந்து 1948 முதல் கிண்டியில் தயாராயிற்று. அதே இயக்கத்தை 1955இல் ராஜாஜி கடுமையாக எதிர்த்துப் பிரசாரம் செய்ய, தில்லியில் சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அயல்நாட்டு நிபுணர் ஒருவருக்கு, ஊசி மருந்தின் குணத்தை விளக்குவது ஒரு வேலை, அதை ஏற்கும்படி ஜனங்களை இணங்கவைப்பது வேறொரு வேலை என்று புரிவதற்கு இதைவிட நல்ல பாடசாலை கிடைத்திராது.

இதற்கிடையில் ஐஸோனியாஸிட் என்ற மலிவான மாத்திரை வந்து சேர்ந்தது. மாத்திரை சாப்பிடுவதற்குச் சானடோரியம் எதற்கு என்ற கேள்வியைப் பரீட்சித்துப் பார்க்க, சென்னை சேத்துப்பட்டில் 1956இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை வகித்தார். 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், மற்றவர்களைச் சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில் அவரவர் வீட்டிலேயும் வைத்து, இருவருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாமல், நெரிசலில் வாழ்ந்துகொண்டே மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்த குழந்தை குட்டிகளுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்களை மூடவைத்தது. ஏழைக்கும் எட்டுகிற சிகிச்சை, பணக்காரச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இருக்க வேண்டியதில்லை என்று சென்னை நிரூபித்துவிட்டது என்றால் அது மிகையாகாது.

இனி அந்தச் சிகிச்சையை ஏழையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? இதற்கு விடை தேடவே பெங்களூரில் தேசிய க்ஷயரோக நிலையம் 1959இல் உருவாயிற்று. மாலர் இணைந்து பணியாற்றிய தேசியத் திட்டத்துக்கு அஸ்திவாரம் அங்கேதான் போடப்பட்டது. அந்த நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் தேவவிரத பானர்ஜியும், ஸ்டிக் ஆண்டர்சன் என்ற டேனிஷ்காரரும் தும்கூர் ஜில்லாவின் கிராமங்களில் செய்த ஒரு விசாரணை 1963இல் வெளிவந்தது. கிராமவாசிகளுக்கு அறிவு போதாது, நோய் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது, நாமே எக்ஸ்ரே வண்டிகளை ஓட்டிக்கொண்டு போய் அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அதுவரை நிபுணர்களிடையே இருந்த அபிப்பிராயம். வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டபோது வெளிப்பட்ட விஷயமோ வேறு. நோயுற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்களுக்கு ஏதோ கோளாறு என்று உணர்ந்திருந்தார்கள்; பலர் கவலைப்பட்டிருந்தார்கள்; பாதிக்கு மேற்பட்டவர்கள், வேலையை விட்டு, வழிநடந்து, சர்க்கார் ஆஸ்பத்திரிக்கோ வேறு வைத்திய நிலையத்துக்கோ போயும் வந்திருந்தார்கள். அங்கே அவர்களுடைய கோழையைப் பரிசோதிக்க ஆளில்லை. ஒரு பாட்டிலில் இருமல் மருந்தை ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அறியாமை யாரிடம் இருந்தது என்பதை அந்தப் பாட்டில் காட்டிக்கொடுத்துவிட்டது. தானாக வந்து கதவைத் தட்டுகிற மனிதனைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவனைத் தேடிக்கொண்டு வண்டி அனுப்புகிற விநோதத்தை நிறுத்தி, சாதாரண சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் ஒரு மைக்ராஸ்கோப்பையும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரையும் வைத்தால் போதும் என்பதே 1962இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் சாரம். நோய்க்கொரு படை, படைக்கொரு தளபதி என்று தனித்தனியே இயக்கம் நடத்துவதைக் காட்டிலும், எந்த நோயோடு எவர் வந்தாலும் கவனிக்கக்கூடிய ஒரு பொதுவான அமைப்பைக் கிராமத்தில் ஊன்ற வேண்டும் என்று மாலர் தம் வாழ்நாள் முழுவதும் வாதாடினாரே, அதன் வித்து இங்கே இருக்கிறது.

1962இல் ஜெனீவாவுக்குப் போய் க்ஷயரோகப் பிரிவின் தலைவரான அவர், 1969இல் திட்டங்களைக் கணித முறையில் பகுத்தாராய்கிற ஒரு புதிய பிரிவுக்குத் தலைமை ஏற்று, மறு ஆண்டே உதவி தலைமை இயக்குநரானார். போதகரின் பிள்ளைக்கே உரிய ஆவேசமான நாவும், இத்தனை ரூபாய்க்கு இத்தனை பேர் என்று கணக்குப் பார்க்கிற இஞ்ஜினியர் மனமும் ஒரே ஆசாமியிடம் சேர்ந்திருப்பது அபூர்வம். பிரேசில் நாட்டவரான மார்கோலினோ கண்டாவ் 20 ஆண்டுகள் வகித்த தலைமைப் பொறுப்பு 1973இல் மாலரிடம் வந்தபோது ஸ்தாபனத்தின் மனோநிலை அவ்வளவு உற்சாகமாக இல்லை. மலேரியாவை உலகிலிருந்தே ஒழித்துவிடுவோம் என்று 1955இல் முழங்கித் தொடங்கிய இயக்கம், 1969இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஓய்ந்திருந்தது. காலனி ஆதிக்கத்திலிருந்து விடுபட்ட நாடுகளின் பிரதிநிதிகள், அங்கத்தினர் நாடுகள் ஒன்றுகூடும் ஸ்தாபனத்தின் சபையில் பெருகியிருந்தார்கள். ஜெனீவாவில் உட்கார்ந்துகொண்டு அறிக்கை எழுதுகிறவர்களால் தங்களுக்கு என்ன பிரயோஜனம் என்று அவர்கள் கேட்டார்கள். ஸ்தாபனத்தின் வழக்கமான வரவு செலவில் 60 சதவீதத்தை 1980க்குள் நாடுகளுக்கான நேரடி உதவிக்கே ஒதுக்க வேண்டுமென்று 1976இல் சபை தீர்மானித்தபோது, அதன்படி ஜெனீவாவிலேயே நூற்றுக்கணக்கான பணியிடங்களை மாலர் ரத்து செய்தார். தமக்குக் கீழுள்ள நாற்காலிகளைத் தாமே குறைக்கிற அதிகாரியை நம் செக்ரட்டேரியட்டுகளில் தேடினாலும் கிடைப்பது கடினம்.

அதே 1976இல் அவர் சபையின் முன் வைத்த யோசனைதான், 2000ஆம் ஆண்டுக்குள் எல்லோருக்கும் ஆரோக்கியம் என்பது. நோயே இல்லாத உலகத்தை அவர் வாக்களித்ததாகச் சிலர் பரிகசித்தார்கள். அவர் சொன்னதும் 1977இல் சபை ஏற்றதும் அதுவல்ல. சமூகத்திலும் தொழிலிலும் பயனுள்ள வாழ்க்கை நடத்துவதற்கு வேண்டிய அளவு தேக சுகம் ஒவ்வொரு மனிதருக்கும் கிட்ட வேண்டும் என்பதே தீர்மானம். இது சாத்தியமா என்று கேட்டவர்களுக்குக் காட்ட அவரிடம் சில அத்தாட்சிகள் இருந்தன. சீனாவில் வயலில் வேலை செய்துகொண்டே அடிப்படை வைத்தியம் பார்த்த வெறுங்கால் வைத்தியர்களைப் பற்றி அப்போது உலகமே பேசிற்று. மகாராஷ்டிரத்தின் ஜாம்கெட்டில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் ஆரோலேயும் அவர் மனைவி மேபெல்லும் 1970 முதல், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களையே சுகாதார ஊழியர்களாகப் பயிற்றுவித்து வந்தார்கள். பிரசவம் பார்ப்பதிலிருந்து குழந்தையின் பேதிக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுப்பது வரை அவர்கள் செய்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 1975இல் வெளியிட்ட ஒரு தொகுப்பில் ஜாம்கெட்டின் கதையும் இடம் பெற்றது.

1978 செப்டம்பர் 6 முதல் 12 வரை, சோவியத் கஜாக்ஸ்தானின் தலைநகராயிருந்த அல்மா ஆட்டாவில் ஆரம்ப சுகாதாரம் குறித்துக் கூடிய மாநாடு மாலரின் வாழ்க்கையின் சிகரம் என்பார்கள். அந்த இடம் அவர் விரும்பித் தேர்ந்தெடுத்தது அல்ல என்பது வேடிக்கை. பெரிய ஆஸ்பத்திரிகளையும் நிபுணர்களையும் மையத்திலிருந்து நிர்வகிக்கிற சோவியத் முறைக்கும், கிராமத்தார் தாங்களே பொறுப்பேற்க வேண்டும் என்ற இவருடைய கொள்கைக்கும் வெகு தூரம். ஆனால் மாநாட்டுச் செலவுக்கு 20 லட்சம் டாலர் தருவதாக மாஸ்கோ முன்வந்தபோது, வேறு இடம் தேடிப் பார்த்தும் அகப்படாமல், அவர் இசைய நேர்ந்தது. மாஸ்கோவோடு பிணங்கியிருந்த சீனா வரவில்லை. வெறுங்கால் வைத்தியர்களின் தாய்நாடு இல்லாமலே அவர்களுடைய தத்துவம் அங்கே விவாதிக்கப்பட்டது. 134 நாடுகளின் அரசாங்கங்களும் 67 ஸ்தாபனங்களும் கலந்துகொண்டு ஏகமனதாக வெளியிட்ட பிரகடனத்தில் கூறப்படும் ஆரம்ப சுகாதாரத்தை, நம் ஊரில் அந்தப் பெயரோடு நிற்கிற கட்டடத்தோடு ஒன்றாக எண்ணிவிடலாகாது. குடிநீரும் கழிவுநீர் வசதியும், போதுமான ஆகாரமும், தாய் சேய் பராமரிப்பும், தடுப்பூசியும், அவசிய மருந்துகளும், இவற்றையெல்லாம் பற்றிய கல்வியும் சேர்ந்தே அதன் பொருள். ஆயுதங்களுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குத் திருப்ப வேண்டும் என்றுகூட அதன் கடைசிப் பகுதி கேட்கிறது. பிரகடனத்தில் ஒரே ஒரு விஷயம்தான் இல்லை: இதற்கு யார், எவ்வளவு கொடுப்பது?

அந்த இடைவெளியில் எதிர்ப்பு நுழைய அதிக நாளாகவில்லை. மறு ஆண்டே ஜூலியா வால்ஷ், கென்னத் வாரன் என்ற இருவர் எழுதிய கட்டுரை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாதாகையால், செலவு குறைவாகவும் பலன் நிச்சயமாகவும் உள்ள சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்வோம் என்று வாதித்தது. அல்மா ஆட்டா மாநாட்டைச் சேர்ந்து நடத்திய யூனிசெஃபே, ஜேம்ஸ் கிராண்ட் தலைமையில், 1980களின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் சாய்ந்தது. குழந்தையின் எடையைக் கவனித்தல், பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி ஆகிய நான்கிலும் கிராண்ட் தம் முழு பலத்தையும் செலுத்தினார். அவசரக்காரர்கள் நாலைந்து வேலைகளைப் பொறுக்கியெடுத்து மேலிருந்து திணிக்கிறார்கள் என்று 1983இல் மாலர் சபையிலேயே வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். இருவரில் எவர் பக்கம் நியாயம் என்பது இன்னும் தீராத வழக்கு. கிராண்டின் வழியில் பிழைத்த குழந்தைகள் ஏராளம்; அதை மாலரின் பக்தர்கள் மறைப்பது தர்மமல்ல. ஆனால் அந்த நான்கில் எதிலும் சேராத வியாதியோடு அக்குழந்தையின் தாய் நிலையத்துக்குப் போனால் அவளுக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு, தும்கூரில் கொடுத்த பாட்டிலைத் தவிர வேறு பதில் கிராண்டிடம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒரே நோயைக் குறிவைக்கும் இயக்கங்களின் மேல் சந்தேகம் கொண்ட இந்த மனிதரின் காலத்திலேயே, அத்தகைய இயக்கங்களில் மிகப் பெரியது பூரண வெற்றி பெற்றது. 1977 அக்டோபரில் சோமாலியாவில் கண்ட, இயற்கையாக நோய் தொற்றிய கடைசி நோயாளிக்குப் பின், பெரியம்மை உலகை விட்டு ஒழிந்தது என்று 1980 மே மாதம் சபை பிரகடனம் செய்தது. அடுத்தபடியாக ஒழிக்க வேண்டிய வியாதி எது என்று ஒரு கூட்டத்தில் மாலர் கேட்க, அந்த இயக்கத்தை நடத்திய டொனால்ட் ஹெண்டர்சன் ஒலிபெருக்கியை வாங்கி, மோசமான நிர்வாகம் என்று பதில் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. மாலருக்கு வேறொரு செய்தியும் ஏறத்தாழ அதே சமயத்தில் நம் செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்து போய்ச் சேர்ந்தது. திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1968 முதல் லட்சக்கணக்கானவர்களைக் கொண்டு நடத்திய பி.சி.ஜி. பரீட்சையில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று 1979இல் வெளியான முதல் அறிக்கை கூறிற்று. குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைகளைத் தடுக்கிறது என்பதால் பிறந்த சிசுக்களுக்கு அதைப் போடுவது இன்றும் தொடர்கிறது. எனினும் ராஜாஜி உயிரோடிருந்திருந்தால் இதைப் பற்றி நிச்சயமாக ஒரு கட்டுரை எழுதியிருப்பார்.

1981 மே மாதம் நடந்த ஒரு வாக்கெடுப்பு, சொல்லைத் தவிர வேறு ஆயுதமில்லாத ஒரு பதவி எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைக் காட்டிற்று. ஏழை நாடுகளில் நர்ஸ் வேஷத்தில் ஆட்களை அனுப்பிப் பால் மாவை விற்ற கம்பெனிகளுக்கு எதிராக எழுந்த ஆத்திரத்தின் விளைவாக, தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளை விற்பதற்கு ஒரு நடத்தை விதி சபையின் முன் வந்தது. ஆதரவு 118, நடுநிலை 3, எதிர்ப்பு 1. அந்த ஒன்று அமெரிக்கா. விதி வெறும் சிபாரிசுதான். ஆயினும் அதையொட்டி இந்தியா 1992இல் சட்டமே இயற்றிற்று. தாய்ப்பாலே சிறந்தது என்று பால் மாவு டப்பாவின் மேல் பால் மாவுக் கம்பெனியே அச்சிட வேண்டியிருப்பது அதன் பயனாகத்தான்.

எய்ட்ஸ் விஷயத்தில் அவர் தவறினார். 1985இல் ஆப்பிரிக்காவில் பேசும்போது, மலேரியா போன்றவை லட்சக்கணக்கில் கொன்றுகொண்டிருக்கையில் இதைப் பெரிதுபடுத்துகிறார்கள் என்ற தொனியில் கருத்துச் சொன்னவர், 1986 நவம்பரில் நியூயார்க்கில் பத்திரிகைக்காரர்களை அழைத்து, தாம் அந்த நோயைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாகப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். ஜோனதன் மான் என்ற அமெரிக்க வைத்தியரிடம் பொறுப்பை ஒப்படைத்து, 1987இல் உலகளாவிய திட்டத்தைத் தொடங்கி, அதே ஆண்டு ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையிலேயே அதைப் பேசவைத்தார். ஓராண்டுக்கு மேல் வீணாகிவிட்டது உண்மை. கௌரவத்துக்காக இன்னும் ஓராண்டை அவர் வீணாக்கவில்லை என்பதும் உண்மை.

1988 ஜூலையில் ஜப்பானியரான ஹிரோஷி நகாஜிமாவிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு வெளியேறிய மாலர், பிறகு 1995 வரை சர்வதேசக் குடும்ப நலச் சம்மேளனத்தை நடத்தினார். 2008இல், 85 வயதில், மறுபடி ஜெனீவா மேடையேறி அல்மா ஆட்டாவை நினைவூட்டினார். 2016 டிசம்பரில் காலமானார். அவர் குறித்த 2000ஆம் ஆண்டு வந்து போயிற்று. 1980களில் கடன் சுமையில் மூழ்கிய ஏழை நாடுகள் சுகாதாரச் செலவைக் கூட்டுவதற்குப் பதில் வெட்டின; இலக்கு எட்டப்படவில்லை. அவருடைய சொற்பொழிவுகளின் வேகத்தில் மயங்கியவர்கள் கணக்கைப் பார்க்கத் தவறினார்கள் என்பதோடு, கணக்குத் தெரிந்த அவரும் அந்த ஒரு விஷயத்தில் கணக்கைத் தள்ளிவைத்தார் என்று குற்றம் சாட்ட இடமுண்டு.

ஆனால் பிரகடனங்களைவிடத் திடமாக நிலைத்திருப்பது, பேச்சுக்கே இடமில்லாத ஒரு ஜாபிதா. ஒரே மருந்தைப் பத்துப் பெயர்களில் பத்து விலைகளில் வாங்கி, வேண்டியது இல்லாமலும் வேண்டாதது குவிந்தும் கிடக்கிற ஏழை நாட்டு மருந்துக் கிடங்குகளைப் பற்றி 1975இல் அவர் சபையில் பேசினார். 1977இல் அவசிய மருந்துகளின் முதல் மாதிரி ஜாபிதா, ஏறக்குறைய 200 மருந்துகளோடு, வியாபாரப் பெயர் எதுவுமின்றி வெளிவந்தது. இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலே இதே தத்துவத்தை 1970களின் தொடக்கத்திலேயே அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனத்தின் மூலம் அமல் செய்து கம்பெனிகளின் கோபத்தைச் சம்பாதித்திருந்தார். ஜெனீவாவின் ஜாபிதாவுக்கும் அதே வரவேற்புதான் கிடைத்தது. 1985இல் அமெரிக்கா தன் சந்தாவை நிறுத்திவைத்ததற்கு அந்தத் திட்டத்தின் மேலிருந்த ஆத்திரமும் ஒரு காரணம். மாலர் ஜாபிதாவைத் திரும்பப் பெறவில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை திருத்தப்பட்டு அது இப்போது 500 மருந்துகளைத் தொட்டுவிட்டது. தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1995இல் வேலையைத் தொடங்கியபோது, இத்தகைய ஒரு ஜாபிதாவை வைத்துக்கொண்டுதான், மருந்தின் மூலப் பெயரிலேயே டெண்டர் கோரி மொத்தமாக வாங்கி, ஜில்லாக் கிடங்குகளில் இறக்கிற்று; ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியும் தனக்குரிய பாஸ் புத்தகத்தில் எவ்வளவு தொகை எஞ்சியிருக்கிறது என்று பார்த்து, அதற்குள் தனக்கு வேண்டியதை அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது.